ஹைட்ராவுக்கு வைத்த தண்ணீர்

ஜூலை 8, திங்கள்

ஹைட்ராக்களுக்கு இரை போட்டேன். ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர் இறாலின் குஞ்சுகள். உப்பு நீரில் பொரித்து, நல்ல நீரில் அலசி, ஒவ்வொரு தட்டிலும் சில துளிகள். பிறகு மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்கவில்லை.

நான்கு வருடமாகப் பார்க்கிறேன், அலுக்கவில்லை. நகக்கண் அளவு உடம்பு. ஒரு குழாய், அதன் உச்சியில் சில நூல்கள். நூல் பட்டதும் இரை துடிப்பதை நிறுத்திவிடுகிறது. ஹைட்ராவுக்கு வாய் என்று நிரந்தரமாக ஒன்று கிடையாது. மூடியிருக்கும்போது அந்த இடம் வெறும் தோல். தின்ன வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் தன்னைக் கிழித்துத் திறக்க வேண்டும். தின்று முடித்ததும் ஒட்டிக்கொள்ளும்.

மாதிரிகளைப் பதப்படுத்தும் ஃபார்மலின் வேலையை இனி நீயே பார்த்துக்கொள் என்று பிரிட்டோவிடம் சொன்னேன். என் ஜூனியர். தூத்துக்குடிக்காரன்.

"ஏன்க்கா, அலர்ஜியா?"

"ஆமாடா."

"நாலு வருசமா இல்லாத அலர்ஜி."

காலண்டரைத் திருப்பி வைத்திருக்கிறேன்.

ஜூலை 9, செவ்வாய்

இரண்டு கோடு.

கதிரேசன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். காட்டினேன். வாயில் நுரையோடு அப்படியே நின்றான். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்: "யார்கிட்டயும் சொல்ல வேணாம்."

போன கார்த்திகையில் எல்லோரிடமும் சொல்லியிருந்தோம். ஒன்பதாவது வாரத்தில், அதே எல்லோரிடமும், இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஃபோனாக.

இந்தத் தடவை மூன்று மாதம் முடியட்டும். அதுவரை அந்தச் சொல்லை இங்கேயும் எழுதப்போவதில்லை.

ஜூலை 11, வியாழன்

குளத்து நீர் மாதிரிகள் வந்தன. திருச்சியைச் சுற்றி ஐந்து குளங்கள். அந்த நீரில் ஹைட்ராவை விட்டு என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் என் ஆய்வு. தண்ணீர் கெட்டிருந்தால் மீனுக்கு முன், தவளைக்கு முன், ஹைட்ராவுக்குத் தெரியும்.

முதலில் நூல்களின் நுனி உருண்டு தீக்குச்சித் தலை போல ஆகும். பிறகு நூல்கள் குட்டையாகும். பிறகு உடம்பு சுருண்டு, நூல்களே இல்லாமல், ஒரு மொட்டையான கிண்ணம். இதற்கு துலிப் நிலை என்று பெயர். நான் துலிப் பூவைப் பார்த்ததில்லை. எனக்கு அது கையை இழந்த ஓர் உடம்பு. அதற்குப் பிறகு கரைந்துவிடும். துலிப் நிலைக்குப் போனது திரும்பி வருவதில்லை என்று என் ஆய்வேட்டில் நானே எழுதியிருக்கிறேன்.

ஒவ்வொரு சோதனைக்கும் பக்கத்தில் இரண்டு தட்டுகள் வைக்க வேண்டும். ஒன்றில் சுத்தமான வளர்ப்பு நீர். மற்றதில் துளி காப்பர் சல்பேட். ஒன்று பிழைக்க வேண்டும், ஒன்று சாக வேண்டும். இரண்டும் சரியாக நடந்தால்தான் நடுவில் இருப்பதை நம்பலாம்.

காப்பர் தட்டை பிரிட்டோ வைத்தான். நான் தொடவில்லை.

ஜூலை 13, சனி

தாகமாக இருக்கிறது. எப்போதும்.

காலையில் அத்தையின் ஃபோன். காரைக்குடியிலிருந்து தினமும் இதே நேரம்.

"தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன் அத்தை."

அவ்வளவுதான் பேச்சு. போன கார்த்திகைக்குப் பிறகு என் மாமியார் என்னிடம் வேறெதையும் நேராகக் கேட்பதில்லை. எல்லாவற்றையும் இந்த ஒரு கேள்விக்குள் வைத்துக் கேட்கிறார். கல்யாணத்துக்கு அவர் கொடுத்த செம்பு பாட்டில்தான் எனக்குக் குடிக்க. 'கதிரேசன் மதிவதனி' என்று கடையில் உட்கார்ந்து பெயர் வெட்டி வாங்கியது. இரவு காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றி வைத்து, மறுநாள் பூராவும் அதையே குடிக்க வேண்டும். குடிக்கிறேன். பழகிவிட்டது.

சாயங்காலம் லேபில் பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை ஒரு தட்டில் ஊற்றினேன். ஆறு ஹைட்ராக்களை விட்டேன்.

சும்மாதான். நான் குடிப்பதை அவையும் குடிக்கட்டும்.

ஜூலை 14, ஞாயிறு

இரை போட மட்டும் போனேன். அந்தத் தட்டில் நூல்கள் குட்டையாகியிருந்தன.

மதியம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஆறும் துலிப்.

கை தவறியிருக்கும். மறுபடி வைத்தேன்.

ஜூலை 15, திங்கள்

மறுபடியும்.

வளர்ப்பு நீர்த் தட்டு நன்றாக இருக்கிறது. இரண்டில் பக்கவாட்டில் குட்டிக்கான மொட்டு விட்டிருக்கிறது. ஆக ஹைட்ராக்களில் குறை இல்லை. தண்ணீரில்தான். எங்கள் வீட்டுத் தண்ணீரில். இரண்டு வருடமாக நான் குடிக்கும் தண்ணீரில்.

ஒரு கணக்குப் போட்டேன். எழுதவில்லை.

"கதிர், மாடித் தொட்டிய ஒருக்கா பாரேன்."

"ஏன், நாறுதா?"

"பாரு."

ஏறிப் போனான். மேலிருந்து குரல் கொடுத்தான். "காக்கா இல்ல, எலி இல்ல, ஒண்ணும் இல்ல. என் மொகந்தான் தெரியுது, அது வேணா கொஞ்சம் பயமா இருக்கு."

சிரிக்க முடியவில்லை. இறங்கி வந்து என்னைப் பார்த்ததும் அவனும் நிறுத்திக்கொண்டான்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. கேன் தண்ணீர் வாங்கினோம். இனி வீட்டுத் தண்ணீர் வேண்டாம். கேன் தண்ணீரையும் காய்ச்சி, ஆறவைத்து, பாட்டிலில் ஊற்றி எடுத்துப்போனேன். ஒரு தட்டில் அது.

ஜூலை 18, வியாழன்

கேன் தண்ணீரிலும் துலிப்.

ஜூலை 20, சனி

எதிர்வீட்டு மல்லிகாக்கா வீட்டுத் தண்ணீர். தெருமுனை அடிபம்பு. கதிரேசனின் ஆபீஸ் தண்ணீர். ஒவ்வொன்றாகக் காய்ச்சி, ஒவ்வொரு இரவும் பாட்டிலில் நிரப்பி, காலையில் லேபுக்குத் தூக்கிப்போகிறேன். குளத்து மாதிரிகள் ஃப்ரிட்ஜில் அப்படியே கிடக்கின்றன.

எல்லாவற்றிலும் சாகின்றன. சாக்கடை கலக்கும் குளத்து நீரில்கூட மூன்று நாள் தாக்குப்பிடித்த உயிர். நாங்கள் குடிக்கும் எந்தத் தண்ணீரிலும் ஒரு நாள் தாண்டவில்லை.

கதிரேசனிடம் சொன்னேன்.

"ஊர் பூரா இதைத்தான் குடிக்குது வதனி. மல்லிகாக்கா இந்தத் தண்ணிய குடிச்சுத்தான் மூணு பெத்துருக்கு."

"அவங்க ஹைட்ரா விட்டுப் பாக்கல."

அவன் கையிலிருந்த டம்ளரை முழுதும் குடிக்காமல் கீழே வைத்தான். அதைப் பார்த்ததும்தான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

ஜூலை 21, ஞாயிறு

இன்று தண்ணீர் குடிக்கவில்லை.

ஜூலை 22, திங்கள்

இளநீர் குடிக்கலாம். அதற்குள் யாரும் எதையும் கலக்க முடியாது.

பல்கலைக்கழக வாசலில் வண்டிக்காரர் மூன்றாவது காயைச் சீவிக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, வீட்ல கொழா கிழா இல்லையா?"

காலையில் அத்தை: "தண்ணி குடிச்சியா?"

"குடிச்சேன் அத்தை."

முதல் பொய். இது இவ்வளவு எளிது என்று தெரியாது.

ஜூலை 23

இளநீர் வண்டியைக் காணோம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. பேசுவதற்கு முன் அதைப் பிரித்தெடுக்க வேண்டியிருக்கிறது.

ஜூலை 24, புதன்

லேப் படிக்கட்டில் கண் இருண்டது. பிரிட்டோ பிடித்துக்கொண்டான். பாத்ரூம் போனேன்.

உள்ளாடையில் ஒரு சொட்டு. பழுப்பு நிறம்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. ஆட்டோ. பிரிட்டோவின் சட்டைப் பொத்தான். கதிரேசன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஆஸ்பத்திரிக்குள் ஓடி வந்தது.

டாக்டரம்மா திட்டினார். "தண்ணியே குடிக்கறதில்லையா நீ? யூரின் எந்தக் கலர்ல இருக்கு பாத்தியா? படிச்ச பொண்ணுதானே? இப்படி இருந்தாதான் ஆபத்து."

டிரிப்ஸ் ஏற்றினார்கள். சொட்டு சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். இந்த நீரில் ஹைட்ரா பிழைக்குமா என்று யோசித்தேன்.

ஸ்கேனில் ஒரு பை தெரிந்தது. உள்ளே இருப்பது இன்னும் தெளிவாக இல்லையாம். நாள் கணக்கில் முன்பின் இருக்கலாமாம். அடுத்த வெள்ளி வரச் சொன்னார். "அதுக்குள்ள எதையும் நெனச்சுக்காதே."

போன தடவையும் இதே வாக்கியம். சொன்ன டாக்டர்தான் வேறு.

ஜூலை 25

படுக்கை. கதிரேசன் ஸ்பூனால் கஞ்சித் தண்ணீர் கொடுத்தான். கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினேன்.

ஜூலை 27, சனி

இதை வரிசையாக எழுத வேண்டும்.

வேண்டாமென்று கதிரேசன் சொல்லியும் லேபுக்குப் போனேன். நான் இல்லாத நாட்களில் பிரிட்டோ இரை போட்டிருந்தான். குளத்து மாதிரிகளையும் அவனே வைத்திருந்தான். அவற்றோடு, நான் புதன்கிழமை மேசையில் விட்டுப்போன பாட்டில் தண்ணீரையும், நான் கேட்பேன் என்று ஒரு தட்டில் வைத்திருந்தான். நல்ல பையன்.

"அக்கா, ஒரு தப்பு ஆயிப்போச்சு. திட்டாதீங்க."

"சொல்லு."

"தட்டைத் தொடைக்கையில ரெண்டுல எழுதுனது அழிஞ்சிருச்சு. ஒண்ணு காப்பர், ஒண்ணு உங்க வீட்டுத் தண்ணி. எது எதுன்னு தெரியல. நீங்க பாத்தா கண்டுபிடிச்சிருவீங்கல்லா?"

கண்டுபிடித்துவிடுவேன். நான்கு வருடம். குளோரினில் சாகும் விதம் வேறு, சோப்பில் சாகும் விதம் வேறு. மைக்ராஸ்கோப்பில் முதல் தட்டைப் பார்த்தேன். இரண்டாவதைப் பார்த்தேன். திரும்ப முதலாவது.

ஒரு வித்தியாசமும் இல்லை. அதே சுருக்கம், அதே கிண்ணம், கரையத் தொடங்கும் விளிம்புகூட அதே.

"தெரியலடா" என்றேன்.

தலையை நிமிர்த்தினேன். மேசையில், என் கைக்குப் பக்கத்தில், பாட்டில் இருந்தது. ஜன்னல் வெயில் பட்டுச் சிவப்பாக மின்னியது. கதிரேசன் மதிவதனி.

லேபில் நான் தினமும் சொல்வது காப்பர். வீட்டில் இருப்பது செம்பு. இரண்டு வருடமாக இரண்டும் என் தலைக்குள் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை.

"என்னக்கா?"

"கேன் தண்ணி கொஞ்சம் வாங்கிட்டு வா. கண்ணாடி பாட்டில்ல."

ஜூலை 28, ஞாயிறு

கண்ணாடி பாட்டிலில் வந்த கேன் தண்ணீர்: ஆறும் நூல்களை நீட்டிக்கொண்டு நிற்கின்றன.

கண்ணாடிக் குவளையில் கொண்டுபோன வீட்டுத் தண்ணீர்: அதே.

ஜூலை 29, திங்கள்

என் வழிகாட்டி ஜெசிந்தா மேடத்திடம் சொன்னேன். கேட்டு முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"பாத்திரத்துக்கு பிளாங்க் வச்சியா? வளர்ப்பு நீர அதுல ஊத்தி வச்சுப் பாத்தியா?"

"இல்ல மேடம்."

"வர்ற ஜூனியருக்கெல்லாம் முதல் நாள் நீ சொல்லிக்கொடுக்கறது என்ன?"

"தண்ணிய சந்தேகப்படறதுக்கு முன்னாடி பாத்திரத்த சந்தேகப்படு."

"ம்."

பாட்டில் தண்ணீரை அப்போதே வேதியியல் துறைக்கு அனுப்பி, சாயங்காலத்துக்குள் அளந்து வாங்கிவிட்டார். செம்பு இருந்தது. ஹைட்ராவைக் கொல்லப் போதுமான அளவு. மனிதர்கள் குடிப்பதற்கான எல்லைக்கு வெகு கீழே.

"நீ ஹைட்ரா இல்லம்மா. அதுக்கு இருக்கறது ரெண்டு அடுக்கு செல். உனக்கு ஈரல் இருக்கு, கிட்னி இருக்கு." காகிதத்தை என் பக்கம் தள்ளினார். பிறகு குரலை இறக்கி, "எத்தனை வாரம்?"

நான் விழித்தேன்.

"ஃபார்மலின் ரூம் பக்கமே போறதில்லையாமே. எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்குடி."

வாயைத் திறந்தேன். சொன்னேன். கதிரேசனுக்கும் டாக்டருக்கும் அடுத்து நான் சொன்ன முதல் ஆள்.

இரவு கதிரேசனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுவரில் சாய்ந்து சிரித்தான், கண்ணில் நீர் வரும்வரை. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

அன்று எழுதாமல் விட்ட கணக்கு இதுதான். அன்று தண்ணீரை வைத்துப் போட்டது, இன்று பாட்டிலை வைத்து: பாட்டில் கல்யாணத்தில் வந்தது. போன கார்த்திகையிலும் அதில்தான் குடித்தேன்.

மேடத்தின் காகிதத்தில் எண் தெளிவாக இருக்கிறது. எனக்கு அந்த எண்ணைப் படிக்கத் தெரியும். ஆனாலும் பாட்டிலைப் பரண்மேல் வைத்துவிட்டேன்.

ஜூலை 31, புதன்

காலையில் அத்தையின் ஃபோனைக் கதிரேசன் எடுத்தான். நிம்மதியில் இருந்தான். வாய் நிற்கவில்லை.

"தண்ணியா? எம்மா, நீ குடுத்த பாட்டில் லேப்ல இருந்த பூச்சி அத்தனையையும் கொன்னுருச்சும்மா! இவ ஊர்த் தண்ணி பூராவும் வெசம்னு நெனச்சு, பச்சத் தண்ணி பல்லுல படாம கெடந்து, ஆஸ்பத்திரில போட்டு..."

அங்கே நிறுத்தினான். நாக்கைக் கடித்துக்கொண்டான். தாமதம்.

ஸ்பீக்கரில் காரைக்குடி வீட்டின் மின்விசிறி ஓடுவது கேட்டது.

"எந்தப் பாட்டில்?" என்றார் அத்தை.

பிறகு ஃபோன் வைக்கப்பட்டது.

ஆகஸ்ட் 1, வியாழன்

முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். கையில் புது எவர்சில்வர் பாட்டில், விலைச் சீட்டுகூடக் கிழிக்காமல். என் முகத்தைப் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. தினமும் கேட்கும் அந்தக் கேள்வியைக்கூட.

ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து செம்பு பாட்டிலை எடுத்தார். தன் மாற்றுச் சேலையில் சுற்றித் தன் பைக்குள் வைத்தார். பழைய பாத்திரக் கடையில் போட்டுவிடுவாராம்.

அடுப்படியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் நறுக்கினார். நறுக்குவதை நிறுத்தாமல் கேட்டார்.

"போன தடவையும் இதுலதான குடிச்சே?" நாங்கள் சொல்லாமலே தெரிந்துகொண்டிருக்கிறார்.

"அத்தை, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. மேடம் அளந்து பாத்துட்டாங்க."

"நீ படிச்ச புள்ள. எனக்காண்டி மறைக்காத ஆத்தா."

"மறைக்கல அத்தை."

"ஒரு பூச்சியக் கொல்லுது. வயித்துல இருக்கறப்ப அதுவும் பூச்சி அளவுதான இருந்துச்சு?"

கத்தி நின்றது. எனக்குத் தெரிந்த பதில்கள் எல்லாவற்றையும் சொன்னேன். ஈரல், சிறுநீரகம், எல்லை, எண். என் குரல் எனக்கே வகுப்பெடுப்பது போல் கேட்டது. அவர் கேட்ட கேள்வியை நான் திங்கள்கிழமையே கேட்டிருந்தேன். அவர் மாதிரி வாய்விட்டுக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"நாந்தான தெனமும் குடிச்சியா குடிச்சியான்னு கேட்டேன்" என்றார். திரும்பவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

ஸ்கேன்.

அத்தை வெளியே பெஞ்சில். உள்ளே வர மறுத்துவிட்டார். கதிரேசன் என் கால் பக்கம்.

டாக்டரம்மா திரையைத் தன் பக்கமே பாதி திருப்பியிருந்தார். கறுப்பில் சாம்பல். சாம்பலில் கொஞ்சம் வெளுப்பு. நான் அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். திரையின் எனக்குத் தெரிந்த பாதியை மட்டும் பார்த்தேன்.

அசையாத தட்டில் அசைவைத் தேடித் தேடிப் பழகிய கண். அவர் சொல்வதற்கு முன்னாலேயே பார்த்துவிட்டேன். வெளுப்பின் நடுவில் ஒரு புள்ளி. படபடவென்று. நிற்கவில்லை.

சொல்லவில்லை. நான் சொன்னால் நின்றுவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"இதோ" என்றார் அவர். "நல்லா துடிக்குது."

கதிரேசன் என் கால் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

வெளியே வந்து அத்தையிடம் சொன்னோம். கை கூப்பினார். ஆனால் முகம் தெளியவில்லை. இது துடிக்கிறது என்றால் அது ஏன் துடிக்கவில்லை என்று நினைக்கிறார். நானும் அதைத்தான் நினைத்தேன்.

போன தடவை ஏன் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. பெரும்பாலும் காரணம் இருக்காது என்றார்கள். காரணம் இல்லாத இடத்தில் அத்தை இப்போது அந்தப் பாட்டிலை வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. தெரு முழுக்கக் காவிரிக்குப் போகிற பெண்கள். அத்தை போகவில்லை. சித்ரான்னம் மட்டும் செய்து வைத்தார். புளி, எலுமிச்சை, தேங்காய். காலைச் சாப்பாடு அவருக்கு வேண்டாமாம். சாயங்காலம் பஸ் என்றார். பையைக் கதவோரம் வைத்துவிட்டார்.

காலையில் அவர் குளிக்கப் போயிருந்தபோது, பையைத் திறந்து, சேலையைப் பிரித்து, பாட்டிலை எடுத்தேன். காய்ச்சி ஆறிய தண்ணீரை நிரப்பி அலமாரிக்குள் வைத்தேன். வெற்றுச் சேலையை மறுபடி சுற்றிப் பைக்குள் வைத்தேன்.

மதியம், மூவரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, பாட்டிலைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அத்தை பார்த்தார். கதிரேசனும்.

"வதனி" என்றான்.

மூடியைத் திருகினேன். எல்லை எனக்குத் தெரியும். எண் தெரியும். நேற்றுத் திரையில் பார்த்த புள்ளியும் தெரியும். பார்க்காமலே இருந்திருந்தால் இது சுலபமாக இருந்திருக்கும். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டேன்.

"வேணாம் ஆத்தா" என்றார் அத்தை. "எனக்காண்டி வேணாம். கொழந்த..."

அந்தச் சொல்லை இந்த வீட்டில் இந்த ஆடியில் முதன்முதலாகச் சொன்னது அவர்தான். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"கொழந்தைக்கு ஒண்ணும் ஆகாது அத்தை" என்றேன். நானும் சொல்லிவிட்டேன்.

குடித்தேன். எப்போதும் போல் லேசான உலோக ருசி. ஒரு மடக்கு. இன்னொரு மடக்கு. அத்தை என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒவ்வொரு மடக்கும் எங்கே இறங்குகிறது என்று கூடவே போகிறவர் போல.

பாதியில் நிறுத்தி, பாட்டிலைக் கீழே வைத்தேன்.

வெகுநேரம் கழித்து அவர் கையை நீட்டி அதை எடுத்தார். எடுத்துப்போய்விடுவார் என்று நினைத்தேன். அண்ணாந்து, மிச்சத்தைத் தானே குடித்தார்.